இசைப்பதிவுக்கு மடிக்கணினியா? பக்கவாட்டுத் துளைகளைப் பார்த்து வாங்குங்கள்

வீட்டு அறையிலேயே பாட்டுப் பதிவு செய்யும் இளையர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். மேசையில் ஒரு மைக், சுவரில் ஒட்டிய பஞ்சுத் தகடுகள், கழுத்தில் தொங்கும் ஹெட்ஃபோன். ராப் பாடலும், கோயில் திருவிழாவுக்கான பக்திப் பாடலும், குறும்படத்தின் பின்னணி இசையும், வலையொலி நிகழ்ச்சியும் அந்த ஓர் அறையிலிருந்தே வெளிவருகின்றன. பொழுதுபோக்காகத் தொடங்கி, இன்று அதிலேயே சம்பாதிப்பவர்களும் உண்டு.

அந்த அறைக்கான ஆகப் பெரிய செலவு மடிக்கணினி. முதல் சில மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணமாக இருக்கும், அல்லது அப்பாவின் ஆண்டிறுதி போனசாக இருக்கும். அதனால் வீடே கூடிப் பேசித்தான் வாங்குகிறார்கள். பேசும்போது எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எந்த பிராசசர், எவ்வளவு ரேம், திரை எவ்வளவு பெரிது? கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவானாலும் சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரானாலும், விலை அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பவை அவைதான். பக்கவாட்டில் உள்ள இணைப்புத் துளைகளைப் பற்றி அட்டையின் கடைசியில் சிறிய எழுத்தில் அரை வரி இருக்கும். சில கடைகளில் அதுவும் இருக்காது.

இசைப்பதிவுக்கு வாங்குபவர் முதலில் படிக்க வேண்டியது அந்த அரை வரியைத்தான். மெதுவான கணினியைக் கொண்டு எப்படியாவது சமாளித்துவிடலாம். இன்டர்ஃபேசை ஏற்காத கணினியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இன்டர்ஃபேஸ் என்பது என்ன என்று அப்பா அம்மாவுக்காக ஒரு வார்த்தை. மைக், கிட்டார், வீணையில் பொருத்திய பிக்கப் ஆகியவற்றிலிருந்து வரும் மின்னலையை எண்களாக்கிக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி அது. கணினியிலிருந்து வரும் எண்களை மறுபடி ஒலியாக்கி ஹெட்ஃபோனுக்கும் ஒலிபெருக்கிக்கும் தருவதும் அதுவே. கணினியின் சொந்த ஹெட்ஃபோன் துளையில் மைக்கைச் செருகிப் பதிவு செய்வது தொலைபேசி உரையாடலுக்குப் போதும்; காசு வாங்கிச் செய்யும் வேலைக்குப் போதாது. ஆக, இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே கையில் இருந்தால் அதைப் பார்த்துத்தான் கணினியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னும் வாங்கவில்லை என்றால், இரண்டையும் ஒன்றாக வைத்து முடிவெடுங்கள். கணினியை முதலில் வாங்கிவிட்டு "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் வழக்கம்தான் செலவை இரட்டிப்பாக்குகிறது.

வடிவம் ஒன்று, உள்ளே ஓடுவது வேறு

குழப்பத்தின் வேர், 2014ல் வந்த யுஎஸ்பி-சி. எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் பொருந்தும் அந்தச் சிறிய நீள்வட்டத் துளை இன்று கைத்தொலைபேசியிலும் இருக்கிறது, கணினியிலும் இருக்கிறது. யுஎஸ்பி-சி என்பது துளையின் வடிவத்துக்கு மட்டும் உள்ள பெயர். அதன் வழியாக என்ன ஓடுகிறது என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. ஒரே மாதிரி தெரியும் துளைக்குள் விநாடிக்கு 480 மெகாபிட் மட்டுமே கடத்தும் யுஎஸ்பி 2.0 இருக்கலாம், 5 அல்லது 10 ஜிகாபிட் வேக யுஎஸ்பி 3 வகைகள் இருக்கலாம், 40 ஜிகாபிட் வரை போகும் தண்டர்போல்ட் 3, தண்டர்போல்ட் 4 அல்லது யுஎஸ்பி4 இருக்கலாம். சில மடிக்கணினிகளில் இடப்பக்கத் துளை தண்டர்போல்ட்டாகவும், வலப்பக்கம் இருப்பது வெறும் யுஎஸ்பியாகவும் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

கம்பியும் அப்படியே. கைத்தொலைபேசியுடன் வரும் யுஎஸ்பி-சி கம்பிகளில் பல, மின்னேற்றுவதற்காகச் செய்தவை. தரவை யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு மேல் கடத்தாதவை. அதே கம்பியைத் தண்டர்போல்ட் சாதனத்தில் மாட்டினால், நுனி அழகாகப் பொருந்தும், சாதனம் விழித்துக்கொள்ளாது. "புதுப் பெட்டி கெட்டுவிட்டது" என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோவதற்கு முன் கம்பியை மாற்றிப் பாருங்கள்.

இந்த வேகங்களைக் கேட்டதும், "அப்படியானால் 40 ஜிகாபிட் உள்ளதையே வாங்கிவிடலாமே" என்று தோன்றும். இங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது. ஒலிக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை. ஒரு மைக்கின் ஒலியை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற தொழில்முறைத் தரத்தில் அனுப்ப, விநாடிக்குச் சுமார் 1.15 மெகாபிட் போதும். 18 மைக்குகளை ஒரே நேரத்தில் பதிவு செய்தாலும் 21 மெகாபிட்டைத் தாண்டாது. 2000ல் வந்த யுஎஸ்பி 2.0 அதை அலட்டிக்கொள்ளாமல் சுமக்கும். அதனால்தான் இன்றும் பல நல்ல இன்டர்ஃபேஸ்கள் யுஎஸ்பி 2.0 ஆகவே இருக்கின்றன. வீட்டு ஸ்டூடியோக்களில் அதிகம் காணப்படும் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, மூன்றாம் தலைமுறையிலிருந்து யுஎஸ்பி-சி துளையுடன் வருகிறது. உள்ளே ஓடுவது யுஎஸ்பி 2.0 தான். தொழில்முறைக் கலைஞர்கள் மதிக்கும் ஆர்எம்இ பேபிஃபேஸ் ப்ரோவும் யுஎஸ்பி 2.0 தான். இப்படிப்பட்ட இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர் தண்டர்போல்ட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. பழைய அகலத் துளையான யுஎஸ்பி-ஏ ஒன்று இருந்தாலும் போதும்.

தண்டர்போல்ட் கட்டாயமாகும் இடமும் உண்டு. யுனிவர்சல் ஆடியோ நிறுவனத்தின் அப்போலோ வரிசையில் உள்ள தண்டர்போல்ட் வகைகள், யுஎஸ்பி மட்டும் உள்ள கணினியில் இயங்கவே இயங்கா. துளை பொருந்தும், அவ்வளவுதான். அதே வரிசையில் யுஎஸ்பி வகைகளும் தனியாக விற்கப்படுகின்றன. பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இதில் இன்னொரு சிக்கல்: அப்போலோ ட்வின் யுஎஸ்பி என்ற பழைய வகை விண்டோஸ் கணினிகளுக்காக மட்டுமே செய்யப்பட்டது, மேக்கில் ஓடாது. அதனால் "என்னிடம் அப்போலோ இருக்கிறது" என்று கடைக்காரரிடம் சொன்னால் போதாது. பெட்டியின் பின்புறத்தைப் படமெடுத்துக்கொண்டு போங்கள்.

அடையாளக் குறிகளில் உள்ள பொறி

தண்டர்போல்ட் துளைக்கு அருகே ஒரு மின்னல் குறி இருக்கும். நுனியில் அம்பு முனை உள்ள மின்னல் அது. ஆனால் சில கணினிகளில் யுஎஸ்பி துளைக்கு அருகிலும் மின்னல் குறி உண்டு. கணினி அணைந்திருக்கும்போதும் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றலாம் என்பது அதன் பொருள். கடையில் அவசரமாகப் பார்ப்பவர் இதை அதுவாக எடுத்துக்கொள்வார். எண் எதுவும் போடாமல் குறியை மட்டும் போடும் நிறுவனங்களும், குறியே போடாத நிறுவனங்களும் இருக்கின்றன. ஆகவே மாடல் எண்ணை முழுமையாகக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் ஒவ்வொரு துளைக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே பெயரில் வரும் மடிக்கணினியிலும் விலைக்கேற்பத் துளைகள் மாறும். பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

ஏஎம்டி சில்லு உள்ள மடிக்கணினிகளில் தண்டர்போல்ட் என்று எழுதியிருப்பது அரிது. யுஎஸ்பி4 என்றே இருக்கும். யுஎஸ்பி4 விதிகளின்படி, தண்டர்போல்ட் 3 சாதனங்களை ஏற்பது கணினிக்குக் கட்டாயமில்லை. பல கணினிகள் ஏற்கின்றன, ஆனால் எல்லாமே ஏற்கும் என்று நினைத்து ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கொட்டக் கூடாது. தண்டர்போல்ட் இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவருக்குப் பத்திரமான வழி, தண்டர்போல்ட் என்றே தெளிவாக எழுதியிருக்கும் கணினி.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு சாதாரண வேலை நாளில் என்னவெல்லாம் செருக வேண்டியிருக்கும்? இன்டர்ஃபேஸ், மிடி கீபோர்டு, வெளி எஸ்எஸ்டி, சில மென்பொருள்களுக்குத் தேவைப்படும் ஐலாக் உரிமச் சாவி, மவுஸ், பெரிய திரை, மின்னேற்றி. ஏழு ஆகிவிட்டது. மெல்லிய மடிக்கணினி பலவற்றில் இரண்டு யுஎஸ்பி-சி துளைகள்தான்; அதில் ஒன்றை மின்னேற்றி பிடித்துக்கொள்ளும். எனவே ஹப் வாங்க வேண்டிவரும். ஹப் வாங்குவது தவறில்லை, ஆனால் இன்டர்ஃபேசை அதில் மாட்ட வேண்டாம். அதற்குக் கணினியில் நேரடியாக ஒரு துளையை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை ஹப்பில் வைத்துக்கொள்ளலாம்.

காரணம் மின்சாரமும்தான். சிறிய இன்டர்ஃபேஸ்கள் கணினியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. கண்டென்சர் மைக்குக்குத் தேவைப்படும் 48 வோல்ட்டையும் அதிலிருந்தே உருவாக்குகின்றன. யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியர் தரும்; யுஎஸ்பி 3 துளை 900 தரும். தனி மின்னேற்றி இல்லாத மலிவான ஹப்பில் இந்த அளவை நான்கு சாதனங்கள் பங்குபோட்டுக்கொள்ளும்போது, பாடகர் உச்சஸ்தாயியில் இருக்கையில் இன்டர்ஃபேஸ் துண்டிக்கப்படலாம். மறுபடி பாடச் சொன்னால் பாடிவிடுவார், ஆனால் முதல் முறை வந்த உணர்ச்சி திரும்ப வருமா? கோயில் மண்டபத்தில் நாகஸ்வரக் கச்சேரியைப் பதிவு செய்பவருக்கு மறுபடி என்ற பேச்சே இல்லை.

பழைய பொருள், பழைய துளை

முடா, கேரசல் போன்ற தளங்களில் பழைய இன்டர்ஃபேஸ்கள் மலிவாகக் கிடைக்கும். எட்டு மைக் போடும் தரமான பெட்டி, புதிதாக வாங்கினால் ஆகும் விலையில் சிறு பங்குக்கு. விலை அவ்வளவு குறைந்ததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அது ஃபயர்வயர் இணைப்பு. ஒரு காலத்தில் இசைப்பதிவு உலகமே ஃபயர்வயரில்தான் ஓடியது. ஆப்பிள் 2012ல் கொண்டுவந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவில் அந்தத் துளை இல்லை. அதன் பிறகு மற்றவற்றிலிருந்தும் மறைந்துவிட்டது. தண்டர்போல்ட் 3லிருந்து தண்டர்போல்ட் 2க்கு ஒரு மாற்றி, அதிலிருந்து ஃபயர்வயருக்கு இன்னொரு மாற்றி என்று சங்கிலி போட்டுச் சிலர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2025ல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயர் ஆதரவையே ஆப்பிள் எடுத்துவிட்டது. பழைய கணினி ஒன்று கைவசம் இருந்து, அதை இணையத்தில் சேர்க்காமல் பதிவுக்கு மட்டும் வைத்துக்கொள்வதாக இருந்தால் ஃபயர்வயர் பெட்டி நல்ல பேரம். புதிய மடிக்கணினிக்கு அது தோதுப்படாது. ஃபயர்வயர் துளையை யுஎஸ்பியாக மாற்றித்தரும் என்று விற்கப்படும் மலிவான நுனிகளை வாங்கவே வேண்டாம். வடிவம் மாறும், ஒலி வராது.

துளை சரியாக இருந்தும் கணினி காலை வாரும் இடம் ஒன்று உண்டு. இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தரும் டிரைவர் மென்பொருள் அந்தக் கணினியில் ஓட வேண்டும். 2024 முதல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சில்லுடன் வரும் விண்டோஸ் மடிக்கணினிகள் அழகானவை, மெல்லியவை, மின்கலம் நாள் முழுக்க நிற்கும். அவை ஆர்ம் வகைச் சில்லுகள். இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்காக எழுதிய சாதாரண மென்பொருளை அவை மொழிபெயர்த்து ஓட்டிக்கொள்ளும். ஆனால் டிரைவரை அப்படி ஓட்ட முடியாது. அந்த இன்டர்ஃபேசுக்கென ஆர்ம் டிரைவர் வெளிவந்திருந்தால்தான் முழுதாக வேலை செய்யும். விற்பனையாளர் பெரும்பாலும் இதைச் சொல்லமாட்டார், அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். தயாரிப்பாளரின் பதிவிறக்கப் பக்கத்தில் உங்கள் மாடலுக்கு ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுவது மேல்.

தாமதம் என்ற தலைவலி

பாடகர் பாடுகிறார், தம் குரல் கணினிக்குள் போய் ஹெட்ஃபோனுக்குத் திரும்பி வரும்வரை ஒரு நொடிப்பொழுது ஆகிறது. கணினி ஒலியைச் சிறு சிறு கட்டுகளாகச் சேர்த்துத்தான் கையாளும். 48 கிலோஹெர்ட்ஸில் 512 மாதிரிகள் கொண்ட கட்டு என்றால், உள்ளே வர ஏறத்தாழ 10.7 மில்லிவிநாடி, வெளியே போக இன்னொரு 10.7. காற்றில் ஒலி ஒரு மில்லிவிநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆக, உங்கள் குரலே ஏழு மீட்டர் தள்ளி நின்று பாடுவதுபோல் காதில் விழும். மிருதங்கம் வாசிப்பவரை ஏழு மீட்டர் தள்ளி உட்கார வைத்தால் பாட்டு எப்படி ஓடும் என்று பாகவதரைக் கேட்டுப் பாருங்கள். கட்டை 128 ஆகக் குறைத்தால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிவிநாடி, அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் கட்டு சிறிதானால் கணினி ஒவ்வொரு 2.7 மில்லிவிநாடிக்கும் தவறாமல் வேலையை முடிக்க வேண்டும். ஒரு முறை தவறினாலும் பதிவில் "டிக்" என்று ஒரு சத்தம்.

பிராசசரின் வேகம் இங்கே ஓரளவுக்கே உதவும். வைஃபை டிரைவரோ கிராஃபிக்ஸ் டிரைவரோ நடுவில் புகுந்து சில மில்லிவிநாடிகள் கணினியைப் பிடித்து வைத்துக்கொண்டால், எவ்வளவு விலையுயர்ந்த கணினியிலும் "டிக்" விழும். விளையாட்டுக்கென்றே விற்கும் வலிமையான மடிக்கணினிகளிலும் இந்தத் தொல்லை உண்டு, விசிறிச் சத்தம் தனி. மைக் இருக்கும் அறையிலேயே கணினியும் இருக்கப்போகிறது என்பதை மறக்க வேண்டாம். விண்டோஸ் கணினி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருள் உதவும். பத்து நிமிடம் ஓட விட்டால் எந்த டிரைவர் இடைஞ்சல் செய்கிறது என்று காட்டிக்கொடுக்கும். பதிவின்போது வைஃபையை அணைப்பது, மின்சக்தி அமைப்பை உச்சச் செயல்திறனுக்கு மாற்றுவது, யுஎஸ்பி துளைகள் தூங்கிப்போகாமல் தடுப்பது ஆகிய மூன்றும் பல கணினிகளைத் திருத்திவிடும். மேக் கணினிகளில் இந்தத் தொல்லை குறைவு என்பதால்தான் ஸ்டூடியோக்காரர்கள் அதிகம் அதை நாடுகிறார்கள். ஆனால் அங்கே ரேமைப் பிறகு கூட்ட முடியாது. 16 ஜிகாபைட்டுக்குக் குறைவாக இன்று வாங்குவதில் அர்த்தமில்லை. பெரிய வாத்தியத் தொகுப்புகளைப் பயன்படுத்துபவருக்கு 32 வேண்டும்.

சேமிப்பு இடத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். மூன்று மணி நேரக் கச்சேரியை எட்டு மைக்கில் பதிவு செய்தாலும் சுமார் 12.4 ஜிகாபைட்தான் ஆகும். வெளி எஸ்எஸ்டி ஒன்று போதும். புளூடூத் ஹெட்ஃபோனைப் பதிவின்போது போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது, தாமதம் காதிலேயே தெரியும்.

கடைசியாக, உர்ர்ர் என்ற இரைச்சல். மின்னேற்றியைச் செருகியதும் ஒலிபெருக்கியில் வரும், கழற்றியதும் போய்விடும். கணினியும் ஒலிபெருக்கியும் வெவ்வேறு சுவர்த் துளைகளிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது நிலக்கம்பி வழியாக ஒரு சுற்று உருவாவதால் வருவது இது. இரண்டையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுங்கள். இன்டர்ஃபேசிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பி சமநிலை வகையாக, அதாவது எக்ஸ்எல்ஆர் அல்லது டிஆர்எஸ் நுனியுள்ளதாக இருக்கட்டும். முக்கியமான பதிவை மின்கலத்தில் ஓட்டுங்கள். இரைச்சலைப் போக்க நிலமுனையை உடைப்பது, மூன்று துளைப் பலகையில் பேனா மூடியைக் குத்திக்கொண்டு இருமுனைச் செருகியைச் செலுத்துவது போன்ற நம்மூர் வித்தைகள் உயிருக்கே ஆபத்து. உலோக மைக்கை உதட்டருகே வைத்துப் பாடப்போவது உங்கள் பிள்ளை.

கடைக்குப் போகும் நாளில் இன்டர்ஃபேசையும் அதன் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் ஐந்து நிமிடம் செருகிப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். பெரும்பாலான கடைகளில் மறுக்கமாட்டார்கள். வாங்க முடிவெடுத்ததும், "இன்ன மாடல் இன்டர்ஃபேசுடன் இசைப்பதிவு செய்வதற்காக" என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாங்குபவர் எந்த நோக்கத்துக்காக வாங்குகிறார் என்று விற்பவரிடம் தெரிவித்திருந்தால், பொருள் அந்த நோக்கத்துக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பதை மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. சிங்கப்பூரின் பொருள் விற்பனைச் சட்டத்திலும் இதே கருத்து உண்டு. வாய்ப்பேச்சாகச் சொன்னதைப் பின்னால் நிரூபிப்பது கடினம். எழுதித் தர மாட்டேன் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். லோ யாட்டில் அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.